ஆறாவதுக்குக் கணக்கு யார் எடுக்கிறார்கள்?

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்று இருந்தது, எட்டாவது வரை. அதற்கு மேல் படிக்கிற பையன்கள் டவுனுக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் நின்றுவிடுவார்கள்.

என் அக்கா கணக்கில் கெட்டி. மூன்றாவது முடித்ததும் டபுள் புரமோஷன் கொடுத்து நேரே ஐந்தாவதில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பரீட்சை ஏதும் நடக்கவில்லை. வாத்தியார் எச்.எம்.மிடம் சொன்னார், எச்.எம். பதிவேட்டில் எழுதினார், அவ்வளவுதான். ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் தடுப்பு. எட்டாவதுக்குக் கணக்குப் பாடம் நடக்கும்போது கணக்கு வாத்தியார் அக்காவைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்வார். பெரிய பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் வட்டிக் கணக்கும் பரப்பளவும் போட்டாள். அந்த வாத்தியார் ‘மேதை’ என்றோ ‘சிறப்புத் திறன்’ என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளைக்கு ஆறாவது பாடம் போதவில்லை என்று தெரிந்துகொண்டார், அதற்கு என்ன செய்யலாமோ செய்தார்.

அக்கா எட்டாவது முடித்தபோது அவரே வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். “பொண்ணை டவுன்ல சேத்துவிடுங்க. ஃபீஸ் கிடையாது, புத்தகம் நான் வாங்கித் தர்றேன்” என்றார். அப்பா எழுந்து நின்றபடியே பேசினார். “நீங்க சொல்லி நான் தட்டுவேனா சார்? அஞ்சு மைல் தனியா எப்படிப் போய்ட்டு வரும்? பஸ்ஸும் கெடையாது.” வாத்தியார் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஜூன் கடந்துபோனது. அதன் பிறகு நான் அதே ஐந்து மைலை அப்பாவின் சைக்கிளில் போய்ப் படித்து வங்கி வேலைக்கு வந்தேன். அக்காவை விட நான் கணக்கில் எவ்வளவு மட்டம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அரசு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது அக்காவுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு என்னால் சேர முடியாது.

இப்போது என் பேத்தி ஐந்தாவது முடிக்கிறாள். மார்கழியில் அவள் அம்மா வாசலில் போடும் கோலங்களைப் பார்த்து ஒரு நோட்டில் எண்ணி எழுதி வைத்திருந்தாள். நடுவரிசையில் ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் இரண்டிரண்டாகக் குறைத்து ஒன்றில் நிறுத்தும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 25 புள்ளி. ஒன்பதில் தொடங்கினால் 41. பதினொன்று என்றால் 61. பக்கத்திலேயே, 25 என்பது 16-ம் 9-ம், 41 என்பது 25-ம் 16-ம், 61 என்பது 36-ம் 25-ம் என்று எழுதியிருந்தாள். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்கள். “ஏன் தாத்தா எப்பவும் இப்படியே வருது?” என்று கேட்டாள். பென்சிலால் புள்ளிகளைச் சாய்வாக இணைத்துப் பார், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் தெரியும் என்று சொல்வதற்குள் எனக்கே ஒரு மாலைப்பொழுது ஆகிவிட்டது.

இந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் சித்திரை முழுவதும் வீட்டில் பேச்சு.

டவுனுக்கு வெளியே ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. ஆறாவதிலிருந்தே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் பேட்ச் உண்டு. சேர்க்கைக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். எட்டாவது வரை எந்தக் குழந்தையையும் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கே அதற்கு ‘இன்டராக்‌ஷன்’ என்று பெயர். பேத்தி நல்ல மார்க் வாங்கினாள். எட்டாவது முடிவதற்குள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டுவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். கோல நோட்டை என் மகள் எடுத்து மேசையில் வைத்தாள். அவர்கள் அதைத் திறக்கவே இல்லை.

பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ்நாடு 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது, 2006-இல் சட்டம் போட்டு எடுத்தது, 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்து சேர்ந்தது. பத்து வயதுப் பிள்ளையின் அம்மாவுக்குப் பதினெட்டு வயதுப் பரீட்சை கண் முன்னால் நிற்கிறது. ஆனால் முன்னேறி ஓடுகிற பிள்ளைக்குப் பதினொன்றாவது பாடத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைப்பது அவளை முன்னே கொண்டுபோவதாகாது. அவளுடைய ‘ஏன்’ அங்கே நின்றுவிடும்.

அந்தப் பள்ளியின் முகப்பில் ராமானுஜனின் பெரிய படம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் என்பதால் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அவர் 1898-இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அவருக்கு லோனியின் முக்கோணவியல் புத்தகம் கிடைத்தது வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் மூலமாக. கார் என்பவரின் தொகுப்பு நூலும் கல்லூரி நூலகத்திலிருந்து இரவல் வந்ததுதான். 1904-இல் பரிசு கொடுத்தபோது தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்றார். அவரை விரட்டி ஓட்டியவர்கள் யாருமில்லை, புத்தகத்தைக் கையில் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அதே ராமானுஜன் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் பாய்கிற பிள்ளையை மற்ற பாடங்களில் தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டும்.

இன்னொரு மெட்ரிக் பள்ளியையும் பார்த்தோம். நல்ல கட்டிடம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கணக்குப் போட்டே சொன்னார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, 2020-இல் வந்த சட்டம். அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். “ஆறாவதுல உள்ள போயிடணும்மா, ஏழாவதுல போனா ஒண்ணும் கெடைக்காது” என்றார் மகளிடம். அவர் சொல்வது உண்மைதான். ஐந்து மைல் நடக்க முடியாமல் நின்ற பிள்ளைகளின் பேத்திகளுக்கு அரசு இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதை நான் மனமார மதிக்கிறேன். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையின் பள்ளியை ஒதுக்கீட்டை வைத்து மட்டும் முடிவு செய்ய எனக்குச் சம்மதமில்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். “ஆறாவதுக்குக் கணக்கு யாரு எடுக்குறாங்கன்னு எங்கயாவது கேட்டீங்களாடா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு மகள் மூன்று இடத்திலும் போய்க் கேட்டாள். ஃபவுண்டேஷன் பேட்சுக்கு வெளியிலிருந்து ஃபேகல்ட்டி வருவார்கள், யார் என்று ஜூனில்தான் தெரியும் என்றார்கள். மெட்ரிக் பள்ளியில் போன வருடத்து டீச்சர் போய்விட்டார். அரசுப் பள்ளியில் ஒரு பட்டதாரி ஆசிரியை, ஆறிலிருந்து எட்டு வரை அவர்தான். அன்றைக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கோல நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டியவர் பிறகு உட்கார்ந்துகொண்டார். “பாப்பா, ஒவ்வொரு வரிசையிலயும் ஒண்ணொண்ணாக் குறையுற இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு எண்ணிப் பாத்தியா?” என்று கேட்டார். பேத்தி அங்கேயே பென்சில் வாங்கிக்கொண்டாள்.

அங்கேதான் சேர்க்கிறோம். மருமகனுக்கு இன்னும் அரை மனதுதான். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆங்கிலம் எப்படி வரும் என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விகள். ஆங்கிலத்துக்கு அவரும் நானும் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், அதைப் பேசி வைத்திருக்கிறோம். கணக்குக்கு மட்டும் பிள்ளையை ஏழாவதிலோ எட்டாவதிலோ உட்கார வைக்க முடியுமா என்று டீச்சரிடமே கேட்டோம். அவருக்கு விருப்பம்தான். பீரியட் இடிக்கும், எச்.எம். ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். டைம்டேபிள் போடுவதற்கு முன்னால் வந்து பேசச் சொல்லியிருக்கிறார் எச்.எம். மகளோடு அக்காவும் போகிறாள்.