ஒரே வீட்டுக்கு ரெண்டு வி.ஏ.ஓ.

எடின்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே குளிர் நம்ம குன்னூர் மார்கழி மாதிரிதான். மேகமும் அதே மாதிரி வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்குது. வர்க்கி மட்டும்தான் இல்லை. டீ இருக்கு; அதைப் பத்திப் பேச வேண்டாம்.

போன வாரம் போனில், "பின்னாடி என்னடா சத்தம்?"னு கேட்டீங்களே, அது பிரிண்டர் சண்டை. முழுக்கதையும் கேளுங்க.

இது விக்டோரியா காலத்துக் கல்வீடு. சுவர் ரெண்டடி கனம். ஹாலில் இணையக் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டி இருக்கு. அதோட வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, கல்லைத் தாண்டத் தெம்பில்லை. 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனா மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுது. உங்க மருமக சாம்பாரைச் சூடு பண்ணினா, ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபடி சிலையா நிப்பேன்.

பொறுக்க முடியாம மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரை அங்கே மாட்டினேன். என் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அதில், வயரில். நான் கொடுத்தா பிரிண்ட் வருது. அவ கீழே வைஃபையில் இருந்துக்கிட்டு கொடுத்தா, அப்படி ஒரு பிரிண்டரே இல்லைங்குது. குன்னூரில் இருக்கிற உங்க மூக்குக் கண்ணாடி கீறல் வரைக்கும் திரையில் தெரியுது, மாடியில் இருக்கிற பிரிண்டர் தெரியலை! எல்லாத்தையும் அணைச்சுப் போட்டேன், கேபிளை மாத்தினேன், பிரிண்டரை ரெண்டு தட்டும் தட்டினேன்.

அப்போதான் நீங்க லைன்மேன் குரலில் சொன்னீங்க: "ஆடிக் காத்துல சில்வர் ஓக் விழுந்து லைன் போச்சுன்னா, முதல் கம்பத்துலேருந்தா ஏறிக்கிட்டே போவேன்? நடுக் கம்பத்துல ஏறி எந்தப் பக்கம் உயிர் இருக்குன்னு பார்ப்பேன். பாதித் தோட்டம் நடை மிச்சம்."

என் நடுக் கம்பம் மாடி ரவுட்டர். அவ லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் அதில் வயரைச் சொருகினேன். பிரிண்ட் வந்துடுச்சு. அப்போ பிரிண்டர் மேலயும் லேப்டாப் மேலயும் குத்தமில்லை. லேப்டாப்புக்குக் கிடைச்ச முகவரியைப் பார்த்தேன். ஹாலில் 192.168.1.14. மாடியில் 192.168.0.5. அந்த மூணாவது எண்தான் வில்லன், சித்தப்பா. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு வி.ஏ.ஓ.! கீழே இருக்கிறவர் குன்னூர்னு எழுதிக் கொடுக்கிறார். மேலே இருக்கிறவர் கோத்தகிரின்னு கொடுக்கிறார். போதாக்குறைக்கு மேலே இருக்கிறவர் வாசலில் ஒரு கதவும் போட்டிருக்கார். அவர் ஆட்கள் வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வரக் கூடாது.

மாடி ரவுட்டரோட அமைப்புக்குள்ள போய், முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி. அதிகாரத்தைப் பிடுங்கினேன். கீழ்ப்பெட்டி யாருக்கும் கொடுக்காத எண்ணாப் பார்த்து 192.168.1.2ன்னு அதுக்கு வச்சேன். கேபிளை 'வான்' துளையிலிருந்து உருவி, பக்கத்து 'லேன்' துளையில் சொருகினேன். பேருதான் வான், எனக்கு அதுதான் வேலியா இருந்திருக்கு. இப்போ அந்த ரவுட்டர் தலையாரி மாதிரி, வர்றதை வாங்கிக் கொடுக்கிறதோட சரி. அஞ்சு நிமிஷ வேலை; மூணு ஞாயிறு போச்சு.

பிரிண்டரை அணைச்சுப் போட்டதும், இத்தனை நாளா அவ கோபத்தில் அமுக்கினதெல்லாம் வரிசையா வந்து விழுந்தது. பாப்பா ஸ்கூலுக்கு வரைஞ்ச நம்ம மலை ரயில், 11 பிரதி. ஒண்ணு உங்களுக்கு வச்சிருக்கேன். இன்ஜினை முன்னாடி போட்டிருக்கா. "கல்லாறிலிருந்து அது பின்னாடி நின்னுதானே தள்ளும், சின்னத் தாத்தா பார்த்தா சிரிப்பார்"னு சொன்னேன்.

"இது கீழே இறங்குற வண்டிப்பா"ங்கிறா.

அன்புடன்,
உங்க அண்ணன் மகன்