மதியம் இரண்டு மணிக்கு மூளை என்ன செய்யும்?

கே: ஹோப் ஃபார்ம் சிக்னலில் நிற்கும்போது அருமையான யோசனைகள் வருகின்றன. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லையே? (ஐ.டி. ஊழியர், வர்த்தூர்)

ப: சிக்னலில் யாரும் வந்து "ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்பதில்லை.

கே: நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே? (கல்லூரி மாணவர், இம்மடிஹள்ளி)

ப: பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. அவ்வளவு தின்றுவிட்டு முக்கால்வாசி சும்மா கிடந்தால் மற்ற உறுப்புகள் பொறுத்துக்கொள்ளுமா?

கே: மீட்டிங்கில் இருந்தபடியே மெயிலுக்குப் பதில் போடு, சாட்டையும் பார் என்கிறார் மேனேஜர். மல்டிடாஸ்கிங் வராதவன் என்று அப்ரைசலிலும் எழுதிவிட்டார். (புலம்பும் வாசகர், குந்தலஹள்ளி)

ப: அவருக்குச் செய்குத்தம்பிப் பாவலரை அறிமுகம் செய்து வையுங்கள். நாகர்கோவில் கோட்டாறு பக்கம் இடலாக்குடிக்காரர். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தையை, செய்து காட்டியவர். அவதானம் என்றால் லேசுப்பட்ட வேலையா? ஒருவர் முதுகில் கல் போடுவார், எண்ண வேண்டும். இன்னொருவர் மணி அடிப்பார், அதையும் எண்ண வேண்டும். நடுவே ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். தளை தட்டாமல் பாடி முடித்துவிட்டுக் கல் எத்தனை, மணி எத்தனை என்றும் சொல்ல வேண்டும். கண்டவனுக்கெல்லாம் வரும் வித்தை என்றால் அதற்கு ஹாலும் கூட்டமும் எதற்கு?

நம்மைப் போன்றவர்களின் மூளை இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்வதில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நேரம் வீணாகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஓஃபிர், நாஸ், வாக்னர் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சமயத்தில் பல திரைகளில் மேய்கிறவர்கள்தான் தேவையில்லாததை ஒதுக்க முடியாமல் திண்டாடினார்கள். வேலை மாற்றி வேலை செய்வதிலும் அவர்களே பின்தங்கினார்கள். அப்ரைசலுக்குப் பதில் எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: முந்நூறு ரூபாய் கொடுத்துப் போன படம், அரை மணியிலேயே தலைவலி. எழுந்து வரலாமா? (சினிமா பைத்தியம், மாரத்தஹள்ளி)

ப: உடனே. முந்நூறு ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது, மிச்ச இரண்டு மணி நேரம் இன்னும் உங்களுடையது.

கே: சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிறது. ஆபீஸில் படுக்க ஓர் அறை கேட்டால் சிரிக்கிறார்கள். (வாசகி, ஹூடி)

ப: வாருங்கள் அம்மா, நம் கட்சிக்கு! மதியத் தூக்கத்துக்காக எந்த மேடையிலும் ஏறிப் பேசுவேன் என்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து நடத்திய ஆய்வு, 2021-ல் வெளியானது. இரவு எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, தெருச் சத்தம் எல்லாம் தாண்டித் தூக்கம் வரவேண்டுமே! சிலருக்கு மெத்தை, டேபிள் ஃபேன், கண் பட்டை, காதடைப்பான் எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. சிலரை வேலை இடத்திலேயே மதியம் அரை மணி தூங்க விட்டார்கள். வேலைத் திறன் ஏறியது, கவனம் ஏறியது, மனசும் தெளிந்தது!

அந்த அரை மணியும் வேலை செய்தவர்களைவிடக் கூலி கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு மாதச் சம்பளம்தானே? தைரியமாக மறுபடியும் போய்க் கேளுங்கள்.

கே: ஆறு வயதுப் பேரனுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா? ஷகுந்தலா தேவி மாதிரி வருவானா பார்க்க வேண்டும். (பாட்டி, காடுகோடி)

ப: ஷகுந்தலா தேவி பெங்களூரில் பிறந்த மேதை. 1980-ல் லண்டன் இம்பீரியல் காலேஜில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கியவர். ஐ.க்யூ. ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஆர்தர் ஜென்சன், அவருடைய மூளை வேகத்தை அளந்து 1990-ல் எழுதினார். விளக்கு எரிந்ததும் பட்டனை அமுக்குவது போன்ற சோதனைகளில் அவர் வேகம் நம் எல்லோரையும் போலத்தான்! பெனே என்ற உளவியலாளர் 1905-ல் பாரிசில் நீங்கள் கேட்கும் மாதிரித் தேர்வை உண்டாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். பேரன் படிப்பில் தடுமாறினால் எடுங்கள். வாட்ஸப்பில் போடுவதற்கு என்றால் வேண்டாம்.

கே: விழுப்புரம் பக்கத்து ஆள் நான், இங்கே அப்பார்ட்மெண்டில் செக்யூரிட்டி. வட்டி கட்டும் வாரம் வந்தால் கேட்டில் யார் வந்தார், யார் போனார் என்பதுகூட மனசில் நிற்பதில்லை. படிப்பு இல்லாததாலா? (நல்லூர்ஹள்ளி)

ப: இல்லை தம்பி. இதை உங்கள் ஊர்ப் பக்கமே சோதித்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கரும்புக்காரருக்குப் பெரிய பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்த பிறகு 4 சதவீதம். அதே ஆட்களிடம் இரண்டு காலத்திலும் படப் புதிர்கள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரி, பின் 5.45. அதே மனிதர், அதே படிப்பு! வெட்டு எல்லா வயலிலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் முன்பின்னாக நடக்கிறது. அதனால் வெயில், மழை, திருவிழாவின் வேலை என்றும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்தபோது இந்த வித்தியாசம் தென்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் கரும்புக்காரரின் நெருக்கடி மாதக்கணக்கில் நீள்வது. உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கடன் கணக்கு தலைக்குள் ஓயாமல் ஓடும்போது மற்றதற்கு இடம் இருக்காது. அந்த வாரம் நினைவை நம்பாமல் கேட் நோட்டில் உடனுக்குடன் எழுதுங்கள். புதுக் கடன், சீட்டு, ஜாமீன் எதற்கும் அந்த வாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் படிக்கும் அப்பார்ட்மெண்ட் கமிட்டிக்காரர்களே, செக்யூரிட்டி சம்பளம் ஒன்றாம் தேதி கைக்குப் போகிறதா என்று ஏஜென்சியிடம் இன்றே கேளுங்கள்.

கே: மெட்ரோ பர்ப்பிள் லைனில் காடுகோடியிலிருந்து மெஜஸ்டிக் போகும் நேரத்தை அறிவுக்குப் பயன்படும்படி எப்படிக் கழிப்பது? (தினப் பயணி)

ப: நம் ஸ்டேஷன்தான் முதல் ஸ்டேஷன், சீட் கிடைக்கும். தூங்குங்கள். அலாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஸ்டேஷன் சல்லகட்டாவில்தான் கண் திறப்பீர்கள்.