நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்

வண்டி சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது என்று வாய்தவறி எதிர்வீட்டு சாரிடம் சொல்லிவிட்டேன். மனுஷர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கம்பெனியில விட்டுடாதீங்க தம்பி. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்."

பல்லுக்கும் பத்திரப்பதிவுக்கும்கூட இவரிடம் ஒரு பையன் உண்டு. பாதிப் பையன்களுக்கு அறுபது தாண்டியிருக்கும். நாங்கள் குடியிருப்பது வேளச்சேரி. மெக்கானிக் பையன் இருப்பது பாடியில். எங்கள் தெருமுனையிலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறானே என்றால், "அவனா? நட்டைக் கழட்டுவான், மாட்டத் தெரியாது."

"போய் என் பேரைச் சொல்லுங்க, போதும்."

சொன்னேன். "எந்த சார்?" என்றான் பையன். கண்ணாடி போட்டிருப்பார் என்றேன். கண்ணாடி போட்டவர்கள் நிறையப் பேர் வருவதாகச் சொன்னான். சாருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பையனின் மகள் கல்யாணம், மாப்பிள்ளையின் வேலை என்று கால்மணி நேரம் ஓடியது. பிறகு சார், "தம்பி, போனை என்ஜின்கிட்ட நீட்டுங்க" என்றார். பானெட்டுக்குள் போனை நீட்டிக்கொண்டு, இதயத் துடிப்பு பார்க்கும் நர்ஸ்போல நின்றேன். வேளச்சேரியிலிருந்து தீர்ப்பு வந்தது: "பிளக்குடா!" பையனும், "பிளக்குதான் சார்" என்றான். மூன்று பிளக்கும் மாறின. உதறல் மாறவில்லை.

அடுத்த வாரமும் போனேன், பேரைச் சொன்னேன். "மூணு சிலிண்டர் வண்டி, கொஞ்சம் உதறத்தான் சார் செய்யும்" என்று ட்யூனிங் செய்து அனுப்பினான்.

என் எரிச்சல் உதறலைப் பற்றியதல்ல. முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் சண்டை போடலாம். பில் கேட்கலாம், கழற்றின பார்ட்டைக் கண்ணில் காட்டு எனலாம். இவனிடம் வாய் திறந்தால், "சார் பேரைச் சொல்லி வந்திருக்கீங்க, உங்ககிட்ட போய் காசு பார்ப்பனா?" என்பான். அப்புறம் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

கடைசியில் தெருமுனைக்காரனிடமே போனேன். பானெட்டைத் திறந்து வைத்து, "பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட்ல போட்டு, கிளட்சை லேசா விடுங்க" என்றான். கயிற்றை இழுக்கும் கன்றுக்குட்டி மாதிரி என்ஜின் ஒருபக்கம் எழும்பியது. ரிவர்ஸில் மறுபக்கம் சாய்ந்து, 'டக்'. இரண்டே நிமிஷம். "மவுண்டிங் போச்சு சார்."

அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் என்ஜினைத் தாங்கியபோது சார் வந்துவிட்டார், ஃபிளாஸ்க்கில் எல்லாருக்கும் காபியோடு. மொட்டை வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்து டார்ச் பிடித்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு அவர் குனிந்ததே பெரிது; அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கழற்றின மவுண்டிங்கின் ரப்பர், சூட்டிலும் ஆயிலிலும் ஊறி, பித்தவெடிப்புக் கண்ட குதிகாலாக இருந்தது. சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்பவே அவன்கிட்ட சொன்னேன், மவுண்டிங்கைப் பாருடான்னு" என்றார்.

போன வாரம் ஏர் ஃபில்டர் மாற்ற அதே தெருமுனைக்குப் போனேன். "அடடே, நம்ம சார் வீட்டுக்கு எதிர்வீடுதானே? உங்ககிட்ட போய் காசு பார்ப்பனா?" என்றான்.

பில் கேட்காமல் வந்துவிட்டேன்.