ஐந்து பூட்டுக்காரர்

விருத்தாசலத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது ஐந்து கணக்கு. விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. தலபுராணம் சேர்க்காமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன்: ஜங்ஷன் ரோட்டில் நிற்கும் ஒரு பழைய சைக்கிளுக்குப் பூட்டு ஐந்து.

சொந்தக்காரர் பெயர் வேண்டாம். ஒருவரைச் சொன்னால் பத்துப் பேர் கோபித்துக்கொள்வார்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலமெல்லாம் பியூஸ் கட்டைக்கும் கொலு பொம்மைக்கும் நடுவில் வாழ்ந்தவர். கைதவறினால் உடைகிற சாமானை வரிசை வரிசையாக வெட்டவெளியில் காயவைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன அந்த மனுஷனுக்கு, இரும்பு சைக்கிளை விட்டு நாலடி நகர்ந்தால் வயிற்றைக் கலக்கும்.

பூட்டுகளைப் பார்ப்போம். பின்சக்கரத்தில் வண்டியோடு வந்த லாக். முன்சக்கரத்துக்குச் சங்கிலிப் பூட்டு. மூன்றாவது நம்பர் பூட்டு. நம்பர் மறந்துவிடும் என்று பின் மட்கார்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். திருடன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வலமிருந்து இடமாக மாற்றி எழுதியிருக்கிறார். நம்பர் 717. நான்காவது, சீட்டைக் கம்பியோடு கட்டும் சின்னச் சங்கிலி. ஐந்தாவது, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு வாங்கியது. அது கேரியரில் தொங்குகிறது, எதையும் பூட்டவில்லை. கேட்டால், “அது திருடன் பார்வைக்கு” என்பார்.

பாலக்கரை டீக்கடைக்கு அவர் வருவதைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டைப் போடுவார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவிக்கொத்து வெளியே வரும். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து நாலு பூட்டையும் பூட்டுவார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்துவந்து, சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மூன்றாம் தடவை இழுப்பார். அதற்குள் டீயில் ஆடை கட்டியிருக்கும்.

“சார், குடிக்க ரெண்டு நிமிசம், பூட்டித் தொறக்க பத்து நிமிசம். வண்டியிலயே சாஞ்சிக்கிட்டுக் குடிச்சிட்டுப் போயிடுங்களேன்” என்றார் கடைக்காரர்.

“தம்பி, வண்டிய நான் பாத்துக்கிட்டிருந்தா டீய யாரு பாத்துக்கிறது?”

பக்கத்திலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரசு சைக்கிள்கள் நிற்கும். 2001-02இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை. ஒரு வருஷத்து வண்டியெல்லாம் ஒரே அச்சு. மலிவு லாக்குகளில் ஒருவன் சாவி இன்னொருவன் வண்டிக்கும் சேரும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கவலைப்படுவதில்லை. நம்மவர்தான் அவர்களுக்காகவும் சேர்த்துக் கவலைப்படுகிறார்.

ஒரு நாள் செராமிக் டெக்னாலஜி மாணவன் ஒருவன் சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டான். “ஐயா, இதெல்லாம் சக்கரத்தச் சுத்தவிடாமத்தான் செய்யுது. ரெண்டு பேரு வண்டிய அப்படியே தூக்கி மினி லாரியில போட்டா என்ன பண்ணுவீங்க? நடு பாரையும் ஊன்றின கம்பத்தையும் சேத்துப் பூட்டுங்க.” உலகமெங்கும் சைக்கிள்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனைதான் அது. அன்று சாயங்காலமே நம்மவர் செயலில் இறங்கினார். கம்பம் என்று நினைத்து அவர் பூட்டியது ஒரு தள்ளுவண்டியின் குடைக் கம்பியை. இளநீர்க்காரர் வியாபாரம் முடித்து வண்டியைத் தள்ளினார், சைக்கிளும் புறப்பட்டது. அதன் பின்னால் “திருடன், திருடன்” என்று இவரும் புறப்பட்டார்.

சங்கிலிப் பூட்டின் சாவித் துவாரம் வட்டமானது. 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் கம்பெனியின் பேர்பெற்ற வட்டச்சாவிப் பூட்டை, பிக் பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகித் திருகியே திறந்து காட்டினார்கள். கம்பெனி அந்தப் பூட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு பூட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேரன் இதைச் சொன்ன நாளிலிருந்து, சட்டைப்பையில் பேனா தெரிந்தால் நம்மவர் முகம் மாறிவிடும். ரிட்டயர்டு வாத்தியார்களோடு பேச்சுவார்த்தையே இல்லை.

பூட்டுகளின் விலை வண்டியின் விலையைத் தாண்டிவிட்டது என்று பழைய இரும்புக்கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். அது அவரைச் சுடவில்லை. சுட்டது, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. களவுபோன பொருள் 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் தடவை தண்டனை பெறுகிறவன் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. “என் வண்டியத் தூக்கினவன் ரோட்டக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவானா?” என்று கொதித்தார். அடுத்த வாரமே புது டயர், புது சீட், டைனமோ. இப்போது குற்றம் முழுக் குற்றம்.

இந்த ஊரின் பழைய வழக்கம் வேறு. இறைவனிடம் வாங்கிய 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். பூட்டு இல்லை, ரசீது இல்லை. இதைச் சொன்னால் நம்மவர் மடக்குவார்: “அவரு தம்பிரான் தோழர். அவரே அந்தப் பொன்னுல மாதிரிக்குக் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில வச்சிக்கிட்டுத்தானே ஆத்துல போட்டாரு?” அதற்குப் பதில் கிடையாது.

கடைசியில் களவு போகத்தான் போனது. பெல். ஐந்து பூட்டிலும் அதற்கு மட்டும் பங்கு இல்லை. ஸ்டேஷனுக்குப் போகவில்லை, பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். அங்கே குறையைப் பிராதாக எழுதி முனியப்பர் முன்னே கட்டுவது வழக்கம். சாமி நடவடிக்கை எடுக்க மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதம் என்பார்கள். காரியம் முடிந்தால் ராஜினாமா எழுதி வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். நம்மவர் பிராதில் பெல்லின் அடையாளம், சந்தேகப்படுகிற நபர்கள் பதினொரு பேர், எல்லாம் விவரமாக இருந்தது. பதினொரு பேரும் பேனா வைத்திருப்பவர்கள். சாமியிடம் போகுமுன் வாசலில் வண்டியைப் பூட்டிய நேரத்தில் நடை சாத்திவிட்டதால், மறுநாளும் போக வேண்டியிருந்தது.

ராஜினாமா இன்னும் எழுதவில்லை. அதுவரை பாலக்கரைப் பக்கம் வருகிற சைக்கிள்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் வண்டிக்குப் பக்கத்தில் உங்கள் வண்டியை நிறுத்தாதீர்கள். கம்பம் கிடைக்காத நாளில் பக்கத்து வண்டியோடு சேர்த்துப் பூட்டிவிட்டுச் சேலம் ரயில் ஏறிவிடுகிறார்.