பாராட்டின் தீமைகள்: மல்லேஸ்வரத்து அப்ரைசல் மரபு குறித்து ஓர் ஆய்வு

பெங்களூரு மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸில், வீணா ஸ்டோர்ஸ் வாசலில், நடைபாதையில் நின்றபடியே இட்லி சாப்பிடுவது மரபு. அப்ரைசல் முடிந்த வாரங்களில், கழுத்தில் அடையாள அட்டையோடு அங்கே நிற்கும் தமிழர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றுகிறது. சட்னிக்குக் கை நீட்டும் தூரத்தில் நின்றால் போதும், ஆய்வுக்கு வேண்டிய மூலபாடம் கிடைத்துவிடும். மாதிரிக்கு ஒன்று:

"அப்ரைசல்ல என்னடா சொன்னாங்க?"

"சூப்பரா பண்றேன்னு சொன்னாருண்ணே. டீமுக்கே நான்தான் தூணாம்."

"போச்சு. இந்த வருஷமும் உனக்கு இல்ல."

தூணை யாரும் மாடிக்கு நகர்த்துவதில்லை என்ற உண்மையை அந்த அண்ணன் எந்த நூலும் படிக்காமலே எட்டிவிட்டார். அவர் எட்டிய முடிவுக்குச் சான்றுகள் தேடித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வட்டாரத்தில் பதவி உயர்வு என்னும் துறை புதிதன்று. காடு மல்லேஸ்வரர் கோயிலின் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏகோஜி அக்கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. சிவாஜிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பியான ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானிடம் படைத்தலைவராக இருந்தவர். சில ஆண்டுகள் கழித்து சுல்தான் அவரை ஒரு பிராஜெக்ட் நிமித்தம் தஞ்சாவூருக்கு அனுப்பினார். போனவர் வேலையை முடித்தார். பிறகு அங்கேயே அரசராக அமர்ந்துகொண்டார். மேலிடத்து ஃபீட்பேக்கிற்குக் காத்திராமல் ஒருவர் தன்னைத்தானே உயர்த்திக்கொண்டதற்கு இதைவிடத் துலக்கமான சான்று நம் வரலாற்றில் அரிது. இம்முறைக்குக் குதிரைப்படை தேவைப்படுவதால் மென்பொருள் துறையில் வழக்கொழிந்துவிட்டது.

அடுத்த சான்றும் மல்லேஸ்வரத்துக்காரர்தான், அதிலும் தமிழர்: 'பஞ்சவடி' வீட்டில் வாழ்ந்த சர் சி.வி. ராமன். 1930இல் நோபல் பரிசு. 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். 1936இல் சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் வந்த மறுஆய்வுக் குழு அவருடைய நிர்வாகத்தைக் குறை கூறியது. இயற்பியலுக்குக் காட்டிய அக்கறையை மற்றத் துறைகளுக்குக் காட்டவில்லை என்பது அக்குறைகளில் முக்கியமானது. இன்றைய அப்ரைசல் மொழியில் பெயர்த்தால், "மத்த டீம்களோட கொலாபரேஷன் போதாது." 1937இல் இயக்குநர் பதவி போயிற்று. பேராசிரியராக 1948 வரை அங்கேயே இருந்தார். பிறகு தாமே ஓர் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கி, 1970இல் மறையும்வரை அதற்குத் தாமே இயக்குநராக இருந்தார். நோபல் பரிசே செல்லுபடியாகாத இடத்தில், 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' சான்றிதழை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருப்போரை என்னென்பது?

தூண் இளைஞரிடம் திரும்புவோம். தம் மேனேஜர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார் என்று அவர் நம்புகிறார். டாக்டர் ராஜ்குமார் சாலையில் நிற்கும் வேர்ல்ட் டிரேட் சென்டர் கோபுரமாகட்டும், ஊரின் மறுகோடியாகட்டும், பெரிய நிறுவனங்களில் பொதுவாக நிலைமை அப்படி இல்லை. காலிப்ரேஷன் என்றொரு கூட்டம் உண்டு. மேனேஜர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராக எடுத்து வாதாடுவார்கள். உயர்வுக்கான பட்ஜெட் அதற்கு முன்பே குறிக்கப்பட்டிருக்கும். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. ஜி.இ. நிறுவனத்தில் ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று சதவிகிதமாகக் கூறுபோட்ட காலத்திலிருந்து பெல் கர்வ் எனப்படும் இந்தக் கூறுபோடும் வழக்கு பரவியது. மைக்ரோசாஃப்ட் 2013இல் இதைக் கைவிட்டது. கைவிட்ட இடங்களிலும் பெல் கர்வின் பெயர்தான் போயிற்று, கர்வ் போகவில்லை என்பது இட்லிக் கடை வாசலின் ஒருமித்த கருத்து. மறுப்போரும் உளர், அவர்கள் பெரும்பாலும் ஹெச்.ஆர்.

எனவே, மேனேஜர் நம்மிடம் சொல்லும் குறையை அவருடைய சொந்தக் கருத்தாகக் கொள்வது பிழை. என்னை? எனின், அந்தக் கதவுக்குப் பின்னால் பக்கத்து டீம் மேனேஜர் தம்மை மடக்கப்போகும் கேள்வியைத்தான் அவர் நமக்கு முன்கூட்டியே கசியவிடுகிறார். "உங்களுக்கு விசிபிலிட்டி போதாது" என்றால், நம் பெயரைச் சொன்னதும் "யாருங்க அது?" என்று ஒரு குரல் எழும் என்று அவர் அஞ்சுகிறார். இவ்விடத்தில் ஒரு முரண் நோக்கத்தக்கது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழாதபடி பார்த்துக்கொள்பவரை ஒருவருக்கும் தெரியாது. விழவிட்டுவிட்டு, பிறகு கண்விழித்துத் தூக்கி நிறுத்துபவருக்கு நாற்பது பேர் கைதட்டி மெயில் போடுகிறார்கள். இதற்காக நாமும் சர்வரை விழவைக்க வேண்டும் என்பதில்லை. "யாருங்க அது" என்று கேட்கக்கூடிய ஆள் யார் என்று மேனேஜரிடமே விசாரித்து, அந்த ஆளின் டீமுக்கு உதவும் ஒரு வேலையை அடுத்த மூன்று மாதத்தில் செய்து முடித்தால் போதும். கேள்வி கேட்கவேண்டியவரே சாட்சி சொல்ல வந்துவிடுவார்.

"அடுத்த சைக்கிள்ல பாக்கலாம்" என்பது பட்ஜெட் பற்றிய செய்தி. அதை வைத்துத் தன் திறமையைச் சந்தேகிக்க வேண்டாம். "ஸ்ட்ராட்டஜிக்கா யோசிங்க" என்பதற்குப் பொருள் காண முயன்ற உரையாசிரியர் எவரும் கரையேறவில்லை. எந்த முடிவை நான் எடுத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று உதாரணம் கேட்டு வாங்குவதே வழி.

இனிப் பாராட்டு. "சூப்பர்" என்றால் மேனேஜர் எந்தக் கேள்வியையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததற்குக் காரணம் பெரும்பாலும் நம் பெயரை அவர் எடுக்கப்போவதில்லை என்பதே.

பாராட்டு எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலேயே சான்று உண்டு. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர் தேவ் தத். கண்காணிப்புப் பொறியாளராக உயர, முந்தைய ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வாங்கியிருக்க வேண்டும். 1993-94க்கு மட்டும் ரகசிய அறிக்கையில் அவருக்கு 'நன்று' விழுந்திருந்தது. உயர்வு போயிற்று. அந்த 'நன்று' அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பாதகமான குறிப்பைத்தானே தெரிவிக்க வேண்டும், இது நல்ல குறிப்பாயிற்றே என்றது அரசுத் தரப்பு. 2008 மே மாதம் நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு இதை ஏற்கவில்லை. உயர்வைத் தடுக்குமானால் 'நன்று'ம் பாதகமான குறிப்பே என்றும், ராணுவம் நீங்கலாக எல்லா அரசுப் பணிகளிலும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு ரகசிய அறிக்கை முறையை மாற்றி, முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட ஆணையிட்டது. தீர்ப்பு வருவதற்குள் தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். பின்தேதியிட்டு உயர்வு கிடைக்குமானால் நிலுவையை 8 சதவிகித வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தனியார் நிறுவனங்களுக்கு இத்தீர்ப்பு பொருந்தாது. நிலுவையும் இல்லை, வட்டியும் இல்லை. ஆதலால் இந்த ஆண்டு 'சூப்பர்' வாங்கிய வாசகர்கள், அடுத்த ஒன்-ஆன்-ஒன்னிலேயே, "என் பேரைச் சொன்னா யார் என்ன கேப்பாங்க?" என்று மேனேஜரைக் கேட்டு, அவர் சொன்ன பதிலை அன்று மாலைக்குள் அவருக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.