யானை இல்லாத யானைக் கொட்டகை

பிரிட்டனுக்கு நான்கு நாள் போகிறவர்கள் அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொள்வார்கள், தேம்ஸில் படகேறுவார்கள், மழையில் நனைவார்கள், ஊர் திரும்புவார்கள். நம் அன்பருக்கு இவற்றில் கடைசி இரண்டும்தான் வாய்க்கும். அவர் போவது மிருகக்காட்சிசாலை பார்க்க. ஒன்றல்ல, முடிந்த மட்டும்.

ஐரோப்பாவில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. ரயில் எஞ்சின் எண்களைக் குறித்துவைக்கிற கூட்டத்துக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஹாலந்துக்காரராகவோ ஜெர்மன்காரராகவோ இருப்பார். காரோடு இரவுக் கப்பலேறி, விடிகாலையில் ஹார்விச் துறைமுகத்தில் இறங்குவார். கூடவே மனைவி. காரை ஓட்டுவது அந்த அம்மாள்தான். அன்பர் ஓட்ட முடியாது, மடியில் பட்டியல் இருக்கிறது.

எந்த விலங்கை எந்த ஊரில் என்றைக்குப் பார்த்தார் என்ற கணக்கு அது. சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அரைக்கால்சட்டை வயதிலேயே முதல் பக்கத்தில் முடிந்துவிட்டன. இப்போது பாக்கியிருப்பவை பழுப்பு நிறத்தில், பூனையை விடச் சிறியதாக, பகலில் தூங்குபவையாக இருக்கும். கும்பகோணத்தில் விடிவதற்குள் வேன் ஏறி, இருட்டுவதற்குள் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துவிட்டு, "எந்தக் கோயில் பிடித்தது?" என்று கேட்டால் "எல்லாம் நேரத்துக்கு முடிந்தது" என்பாரே ஒருவர், அந்த பக்திதான் இதுவும்.

பயணம் நான்கு நாள். எங்கே போவது என்ற ஆராய்ச்சி ஆறு மாதம். பிரிட்டனில் மிருகக்காட்சிசாலைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் சங்கடமே. 1981-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, காட்டு விலங்குகளை ஆண்டில் ஏழு நாளாவது பொதுமக்களுக்குக் காட்டுகிற இடம் எதுவானாலும் உரிமம் வாங்க வேண்டும். ஆகவே நான்கு ஆந்தையும் இரண்டு ஆமையும் வைத்திருக்கிற பண்ணை வீடும் சட்டத்தின் கண்ணில் மிருகக்காட்சிசாலைதான். அன்பரின் கண்ணிலும் அப்படியே. அந்த இரண்டு ஆமையில் ஒன்று அபூர்வ ஆமையாக இருந்துவிட்டால்?

எனவே ஊரெல்லாம் யோசனை கேட்பார். கேட்பதில் அவருக்கு நிகர் கிடையாது. "நான்கு நாள்தான் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று பணிவாகத் தொடங்குவார். செஸ்டர் என்றால், "அது எப்படியும் உண்டு." லண்டன் என்றால், "அதைச் சொல்ல உங்களைக் கேட்பானேன்?" எடின்பரோ என்றால், "தூரம்." யாருமே சொல்லாத ஒரு பெயரைத் தேடிப்பிடித்துச் சொன்னால் முகம் சுருங்கும், "அங்கே இருந்த குள்ளக் கீரி போன மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டதே!" விடுதிக்கு அவர் முன்பதிவு செய்து வெகுநாள் ஆகியிருக்கும்.

என்னைக் கேட்டால் செஸ்டரில் இரண்டு நாள், லண்டனில் ஒரு நாள், மிச்ச நாளில் நல்ல தூக்கம் என்பேன். என்னைக் கேட்பார். கேட்கமாட்டார்.

செஸ்டரை நான் சும்மா சொல்லவில்லை. சிறுவயதில் மான்செஸ்டர் பெல் வ்யூ மிருகக்காட்சிசாலையின் கம்பிக் கூண்டுகளைப் பார்த்து மனம் கசந்த ஜார்ஜ் மாட்டர்ஸ்ஹெட், முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பி, அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, 1931-இல் கம்பியில்லாத மிருகக்காட்சிசாலை என்று தொடங்கிய இடம் அது. இன்று பிரிட்டனில் அதிகக் கூட்டம் போகிற மிருகக்காட்சிசாலையும் அதுதான். தென்கிழக்கு ஆசியத் தீவுகளைப்போலவே ஒரு பகுதியை அமைத்து 2015-இல் திறந்தார்கள். படகில் போய்க்கொண்டே பார்க்கலாம். சுமத்ராப் புலி இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அன்பர் அவர்களை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று போவார். எங்கே என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், பிலிப்பைன்ஸ் நாட்டின் விசயாத் தீவுப் பன்றி ஒன்று சேற்றில் படுத்திருக்கும். ஆண் பன்றிக்குத் தலையில் சிலுப்பிக்கொண்ட மயிர்க்கொத்து. அன்பரின் கண் கலங்கும். புலியை யாரும் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. பன்றியைப் பார்க்கப் படித்திருக்க வேண்டும்.

மீர்காட் என்ற பெயரை மட்டும் அவர் முன்னால் எடுக்கக்கூடாது. கீரிக்கு உறவுக்கார ஆப்பிரிக்கப் பிராணி, பின்னங்காலில் எழுந்து நின்று பராக்குப் பார்க்கும், குழந்தைகளுக்கு உயிர். பிரிட்டனில் அது இல்லாத மிருகக்காட்சிசாலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் கூட்டம் திரள்வதால் மற்ற வழிகள் காலியாக இருக்கும் என்ற அளவில் அன்பர் அதற்குக் கடன்பட்டவர். அதற்குமேல் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

லண்டன் கதை வேறு. 1828-இல் திறந்த இடம். ரீஜன்ட்ஸ் பார்க்கில் 36 ஏக்கர். உலகின் முதல் ஊர்வன இல்லம் 1849-இல் இங்கே வந்தது, முதல் பொது மீன்காட்சியகம் 1853-இல். பழம்பெருமைக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறைவு. பெரிய விலங்குகள் சில, காலப்போக்கில் கிளம்பிவிட்டன. அதனால் என்ன? அன்பர் அங்கே போவதே விலங்கு இல்லாத இடங்களைப் பார்க்கத்தானே.

"அங்கே யானை இருக்கிறதா?" என்று மனைவி கேட்டார்.

"யானைக் கொட்டகை இருக்கிறது."

"உள்ளே?"

"யானைகள் 2001-லேயே விப்ஸ்னேடு மிருகக்காட்சிசாலைக்குப் போய்விட்டன."

"அப்படியானால் விப்ஸ்னேடுக்கே போய்விடலாமே?"

"அங்கே வெறும் யானைதானே இருக்கிறது!"

ஹ்யூ காசனின் கட்டட நிறுவனம் வடித்து 1965-இல் திறந்த அந்தக் கொட்டகையின் கான்கிரீட் சுவர், யானைத் தோல்போலவே சொரசொரவென்றிருக்கும். அன்பர் அதைக் கையால் தடவிப் பார்ப்பார். யானையைத் தடவக்கூட அவருக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை. அடுத்தது பென்குயின் குளம். பெர்தோல்ட் லுபெட்கின் 1934-இல் கட்டியது. நடுவில் தூணே இல்லாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும் இரண்டு கான்கிரீட் சாய்தளங்கள். கட்டடக் கலை மாணவர்கள் பாடமாகப் படிக்கும் சமாசாரம், சட்டம் முதல் தரப் பாதுகாப்புக் கொடுத்த சின்னம். எல்லாம் சரி, பென்குயின்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. 2004-இல் பழுதுபார்ப்பதற்காக அவற்றைப் பக்கத்து வாத்துக் குளத்தில் விட்டார்கள். அங்கே அவை சுகமாக இருந்ததால் திரும்ப அழைக்கவே இல்லை. கட்டடத்தை இடிக்கவும் முடியாது, பென்குயினைக் குடிவைக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்து, குடியிருப்பவரின் சௌகரியத்தைப் பார்க்காமல் வீடு கட்டிய முதல் கட்டடக் கலைஞரும் அவரில்லை, கடைசிக் கலைஞரும் அவரில்லை.

2011-லிருந்து பென்குயின்கள் வேறொரு மூலையில் மணற்கரையோடு வாழ்கின்றன. குழந்தைகள் எல்லாம் அங்கே. அன்பர் மட்டும் வெற்றுக் குளத்தின் முன்னால் முக்காலியை நிறுத்திக்கொண்டிருப்பார். வழிதவறி வந்த ஒரு குடும்பம் எட்டிப் பார்த்து, "இதற்குள் ஒன்றுமே இல்லையே" என்றால், "ஆமாம்!" என்பார், தாமே காலி செய்து வைத்ததுபோல.

இந்த ருசி முற்றினால் டட்லியில் கொண்டுபோய் விடும். பர்மிங்காமுக்கு அருகே, இடிந்த கோட்டை நிற்கிற குன்றின்மேல் 1937-இல் திறந்த மிருகக்காட்சிசாலை. அதே லுபெட்கினின் டெக்டன் குழு கட்டிய பன்னிரண்டு கான்கிரீட் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. பன்னிரண்டு! நான்கு நாளில் ஒரு நாள் அதற்கே போயிற்று. மனைவிக்குக் கோட்டையாவது கிடைத்தது.

இல்லாததன்மேல் ஏன் இந்த மோகம் என்றால், இந்தக் கூட்டத்தில் மரியாதை அளக்கப்படுவதே அதை வைத்துத்தான். பிரிஸ்டல் மிருகக்காட்சிசாலை 1836-இல் திறந்து 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. புறநகரில் வேறு இடத்தில் தொடர்கிறது. மூடிய மறுநாளே பழைய பிரிஸ்டலைப் பார்த்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள், பார்க்காதவர்கள் சின்னப் பையன்கள். 2011-இல் எடின்பரோவுக்கு வந்த பாண்டா ஜோடி 2023 டிசம்பரில் சீனாவுக்குத் திரும்பியபோதும் இப்படித்தான், பார்த்தவர்களுக்கு ஒரே நாளில் பதவி உயர்வு. 1977-இல் மூடிய பெல் வ்யூவைச் சிறுவயதில் பார்த்த கிழவர் ஒருவர் கூட்டத்துக்குள் வந்தால் இளையவர்கள் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். ஆகவே தேர்வில் அன்பர் கேட்கும் முதல் கேள்வி எது நல்ல மிருகக்காட்சிசாலை என்பதல்ல, எது சீக்கிரம் போய்விடும் என்பதுதான். நன்றாக நடக்கிற இடம் காத்திருக்கும். வரவுசெலவில் துண்டு விழுகிறது, நிறுவனர் படுத்த படுக்கை என்றெல்லாம் செய்தி வந்தால் அன்றே தொலைபேசியில் விடுதி கேட்பார். மரண விசாரிப்புக்கு மரணத்துக்கு முன்பே போய்விடுகிற ஆள்.

இத்தனைக்கும் நடுவில் எல்லைத் தகராறுகள் வேறு. ஜெரால்டு டரல் 1959-இல் தொடங்கிய ஜெர்சி மிருகக்காட்சிசாலை, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களைப் பெருக்குவதற்காகவே பிறந்தது. டோடோப் பறவையைச் சின்னமாகக் கொண்டது. டரல் பிறந்தது நம் ஜாம்ஷெட்பூரில் என்பதால் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. விமானத்தில் போய்விட்டு வரலாம். ஆனால் ஜெர்சி மன்னரின் தனி ஆளுகையில் உள்ள தீவு, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியே அல்ல. அங்கே பார்த்ததைப் பிரிட்டன் கணக்கில் எழுதலாமா? இரண்டு மாதம் இதிலேயே ஓடியது. பீட்டர் ஸ்காட் 1946-இல் தொடங்கிய ஸ்லிம்பிரிட்ஜில் வாத்துகளும் அன்னங்களும் வேறெங்கும் காணாத வகைவகையாக உண்டு. அன்பர் பாலூட்டிக் கட்சி என்பதால் "குளம்" என்று ஒரே சொல்லில் அடித்துவிட்டார். காருக்குள் உட்கார்ந்தபடி சிங்கம் பார்க்கும் லாங்லீட் 1966-லிருந்து இருக்கிறது. லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லியில் பபூன் குரங்குகள் காரின் வைப்பரைப் பிடுங்கும். இந்த இரண்டையும் அடித்தது மனைவி. கார் அவர் பெயரில்.

அந்த அம்மாளுக்கும் ஓர் ஆசை உண்டு, ஒன்றே ஒன்று. எடின்பரோவில் நில்ஸ் ஓலாவ் என்ற அரசப் பென்குயின் இருக்கிறது. நார்வே மன்னரின் மெய்க்காவல் படை அதைத் தத்தெடுத்து, படிப்படியாகப் பதவி உயர்த்தி, 2023-இல் மேஜர் ஜெனரல் ஆக்கியது. அணிவகுத்து நிற்கும் வீரர்களுக்கு நடுவே அது அசைந்து அசைந்து நடந்து மரியாதையை ஏற்கும். அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"அரசப் பென்குயின் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பக்கம் பதினொன்று" என்பார் அன்பர்.

"மேஜர் ஜெனரலைப் பார்த்தாகிவிட்டதா?"

"பதவியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை."

பயணம் என்று ஒன்று நடக்கத்தான் செய்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை. மழையிலிருந்து வெப்பமண்டலக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி, பைனாகுலர், கேமரா மூன்றும் ஒருசேரப் பனி பிடித்துவிடும். துடைத்து முடிப்பதற்குள் உள்ளே இருந்தது பொந்துக்குள் போய்விடும். லண்டன்–செஸ்டர் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஆமையாக நகர்ந்தன. ட்விக்ராஸ் மிருகக்காட்சிசாலையில் பிரிட்டனிலேயே வேறெங்கும் இல்லாத போனோபோக் குரங்குகளைப் பார்த்தார்கள். ஒன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. முதுகு கணக்கில் சேருமா என்று ஒரு விவாதம் நடந்து, சேரும் என்று தீர்ப்பானது. செஸ்டரில் மடகாஸ்கரின் ஐ-ஐ என்ற பிராணி இருக்கும் இருட்டுக் கூடத்தில் மட்டும் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. மனைவி ஏதோ அசைந்தது என்றார். அன்பர் வால் என்றார். பக்கத்தில் நின்ற ஊழியர் கிளை என்றார். பட்டியலில் பென்சிலால் அரை மதிப்பெண் விழுந்தது.

நான்காம் நாள் மாலை ஹார்விச் நோக்கி வந்துகொண்டிருந்தபோது கோல்செஸ்டர் மிருகக்காட்சிசாலைக்குத் திரும்பும் கிளைச்சாலை வந்தது. மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அன்பர் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சாலையைப் பார்த்தபடியே நேராக ஓட்டினார்.

சற்றுத் தூரம் போனபின், "அந்த ஜெனரலுக்கு வயதாகியிருக்குமே?" என்றார்.

"இருந்தால் என்ன? இது மூன்றாவது நில்ஸ் ஓலாவ். இது போனால் நான்காவதுக்குப் பெயர் சூட்டுவார்கள்."

"அதைத்தான் சொல்கிறேன். மூன்றாவதைப் பார்த்தவர்கள் என்று நாளைக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?"

அன்பர் பேசவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். எடின்பரோ வரைக்கும் போனால் இன்னும் வடக்கே ஹைலேண்ட் வனவிலங்குப் பூங்காவில் பனிக்கரடி இருக்கிறது. அப்படியானால் ஐந்து நாள் வேண்டும்.