வெற்றிட இயல்

பொழுதுபோக்காகச் செயலி எழுதுவோர்க்கு எழுத்தால் வரும் பிழைகள் பல. எழுத்தின்மையால் வருவன அவற்றினும் கொடியன. பின்னவை இதுகாறும் உரிய வரிசையில் வைத்து எண்ணப்படாமை பெருங்குறை.

வெற்றிடம் அகலமுடையது, அகலமற்றது என இருவகைப்படும். அகலமுடையவற்றுள் ஸ்பேஸ் முதலாவது; அதன் யுனிகோடு எண் 32. டேப் இரண்டாவது, எண் 9. தோற்றத்தில் ஒத்தாலும் இவை உரிமையில் ஒவ்வா. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் வைத்தாலும் அது டேப் ஆகாது. பைத்தான் 3, இரண்டும் முரண்படக் கலந்த நிரலை இயக்கவே மறுக்கும். அம்மறுப்பு முற்றிலும் நியாயமானது: ஒரு வரி எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதைக் கண்மதிப்புக்கு விடலாகாது.

மூன்றாவது, வரி முறியாத வெற்றிடம், எண் 160. இதன் தகுதி குறித்து மொழிகளுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. சொல்லின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஜாவாவின் டிரிம் 32-க்கு மேற்பட்ட எதையும் தொடாது. ஜாவா 11-இல் வந்த ஸ்டிரிப் வேறு பல வெற்றிடங்களை நீக்கினும் இதனை விட்டுவைக்கும். கோட்லினின் டிரிமும் ஜாவாஸ்கிரிப்டின் டிரிமும் இதற்குச் சலுகை காட்டுவதில்லை. ஜாவாவும் கோட்லினும் கலந்த ஆண்ட்ராய்டு செயலியில், ஒட்டப்பட்ட கடவுச்சொல் ஒரு திரையில் செல்லும், மறுதிரையில் செல்லாது.

அகலமற்றவற்றுள் தலையாயது 8203. பெயரில் அது ஸ்பேஸ். யுனிகோடின் பகுப்பில் வடிவமைப்புக் குறி. ஆதலின் மேற்கூறிய நான்கு மொழிக்கருவிகளுள் எதுவும் அதனை அகற்றாது. 8204-ஐ அகற்றுவதோ தகாது. தமிழில் ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகாமல் தனித்து நிற்பது அதனால்தான். அதனைக் களைவது எழுதியவரின் கருத்தையே களைவதாகும்.

இனி நோய் காணும் முறை. இரு சொற்கள் திரையில் ஒன்றாய் நின்று, ஒப்பீட்டில் வேறாயின், முதற்கண் நீளத்தை அளக்க வேண்டும். 'கோவை' என்பதன் நீளம் நான்கு: ககரம், ஓகாரக் குறி, வகரம், ஐகாரக் குறி. ஐந்து எனக் காட்டினால் உடனே 8203-மீது குற்றம் சாட்டுதல் முறையன்று. ஓகாரக் குறி ஒன்றாக அன்றி, ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாய்த் தட்டப்பட்டிருப்பினும் ஐந்தே வரும். அதற்கு மருந்து களைதலன்று; யுனிகோடின் என்எஃப்சி முறையில் ஒன்றுசேர்த்தல். எனவே நீளத்தோடு நில்லாமல் ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்த்த பின்னரே மருந்தைத் தேர்தல் வேண்டும்.